பல்லில் பிடித்த வீச்சு

பின்னால் சிரிப்பு இன்னும் ஓயவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பச்சைப் புல் முடிந்த இடத்தில் கம்பிவேலியின் ஓட்டையால் நுழைந்து, தார் றோட்டில் ஏறி, கிண்ணியாப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். பங்குனி வெயிலில் தார் இளகிக் குதிகாலில் ஒட்டியது. செருப்பை உள்ளேயே விட்டுவிட்டேன், எடுக்கப் போகும் எண்ணம் இல்லை. உள்ளங்கைகள் எரிந்தன. கீழுதடு வெடித்து வாயெல்லாம் இரத்தம். கொம்பனி தந்த வெள்ளை ரீசேட்டின் வட்டக் கழுத்தில் அதைத் துடைத்துக்கொண்டே நடந்தேன். எனக்கு அப்போது பதின்மூன்று வயது.

அதற்குப் பிறகு எத்தனையோ இடங்களிலிருந்து இப்படி நடந்து வெளியேறியிருக்கிறேன். உப்பளத்திலிருந்து, கல்லுடைக்கிற இடத்திலிருந்து, வளைகுடா நாடொன்றில் எட்டுப்பேர் படுத்த அறையிலிருந்து. ஒரு வேலையை விட்டு நடப்பது எனக்குப் பெரிய காரியமில்லை. ஆனால் அந்த முதல் நடையை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் கை மடங்கிக்கொள்கிறது.

சண்டை ஓய்ந்து சில வருடங்களில் எங்கள் கரைக்கு ஒரு கொம்பனி வந்தது. குடாவின் வளைவில் முள்ளும் எருக்கலையும் மண்டிக் கிடந்த காணியை எடுத்து, லொறி லொறியாக மண் கொட்டி, புல் வளர்த்து, கோல்ப் மைதானம் ஆக்கியது. அதைப்பற்றி எங்களுக்கு ஒரு வருத்தமும் இருக்கவில்லை. முள்ளை யார் வெட்டினால் என்ன. ஆனால் வேலி போட்டபோது எங்கள் வழியும் வேலிக்குள் போய்விட்டது.

வீடுகளுக்கு நடுவால் போகிற எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்திலிருந்து படகு இழுக்கிற துறைவரை இருநூறு எட்டு. கண்ணை மூடிக்கொண்டு போகலாம். வேலி வந்த பிறகு தார் றோட்டுக்கு ஏறி, மதகைத் தாண்டி, உப்புச்சேற்று வெளியைச் சுற்றி இரண்டு மைல். எஞ்சினைப் படகில் விட்டுவிட்டு வர முடியாது, விடிவதற்குள் களவு போய்விடும். ஆகவே ஒவ்வொரு நாளும் எஞ்சினைத் தோளில் வைத்துக்கொண்டு இரண்டு மைல் போகவும் இரண்டு மைல் வரவும் நாற்பது குடும்பத்து ஆம்பிளைகள் நடந்தார்கள். பெண்கள் மீன் கடகத்தோடு நடந்தார்கள். அம்மா துறையில் மீன் எடுத்துத் தலையில் வைத்து ஊருக்குள் விற்கிறவர். முதல் மாரியிலேயே சேற்று வெளியில் வழுக்கிக் கடகத்தோடு விழுந்தார். அதற்குப் பிறகு அவருடைய இடது முழங்கால் மடங்கவில்லை. காலை வெளிப்பக்கமாக வீசி வீசி நடந்தார். அப்பா இல்லை. கடலுக்குப் போன ஒருநாள் அவர் வரவில்லை. அதைப்பற்றி எழுத இவ்வளவுதான் இருக்கிறது.

எங்கள் வீட்டுக்கு எது வேண்டுமென்றாலும் பெரியப்பாதான். அப்பாவின் தமையன். கரையில் மீன்பிடிக்கிறவர்களின் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். உயரமான மனிதர், மெதுவாகக் கதைப்பார், சிரித்தால் மேல்வரிசையில் ஒரு முன்பல் இருக்காது. அந்தப் பல் போன கதையை எங்கள் கரைப் பிள்ளைகள் எல்லோரும் அறிவார்கள். வீச்சுவலை வீசுகிறபோது வலையின் ஓர் ஈயக்குண்டைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். கை வலையை விடுகிற அதே நொடியில் வாயும் குண்டை விடவேண்டும். பெரியப்பா இளந்தாரியாக இருந்தபோது ஒருநாள் கை விட்டது, வாய் விடவில்லை. வலை விரிந்தபோது பல்லும் கூடப் போய்விட்டது. ஐந்து வயதில் வலையைத் தொடுகிற எங்கள் பிள்ளைகளின் உடம்பில் இது ஏறியிருக்கும். வாய் திறந்தால் கை திறக்கும். கை திறந்தால் வாய் திறக்கும். நினைத்துச் செய்கிற காரியம் அல்ல, கண் இமைப்பதைப் போல.

கோல்ப் எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. பள்ளிக்கூடம் போகிறேன் என்று புறப்பட்டு வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். விளையாட வந்த ஐயாமார் பெரும்பாலும் கையின் பலத்தாலேயே அடித்தார்கள். மட்டையைத் தோளுக்கு மேல் தூக்கும்போதே அவர்களுடைய முழங்கை இறுகிவிடும், கழுத்து நரம்பு புடைக்கும். பிறகு கையும் தோளும் வயிறும் எல்லாம் ஒன்றாக வந்து விழும். பந்து பத்து எட்டு உருண்டு போகும், அல்லது கோணலாகக் கிளம்பி எங்கள் படகுகளுக்குள் வந்து விழும். அடித்த பிறகு மட்டையைப் பார்த்துத் திட்டுவார்கள். ஒரு பெரிய உடம்புக்காரர் கோபத்தில் மட்டையைச் சுழற்றிக் கடலில் எறிந்துவிட்டுப் போனார். யாரும் சிரிக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த மட்டையைத்தான் நான் சுழியோடி எடுத்தேன்.

அங்கே வந்தவர்களில் ஒரு வெள்ளைக்கார அம்மா இருந்தார். எழுபது வயது இருக்கும், கொக்கைப்போல மெலிந்த உடம்பு. அவர் அடித்தால் பந்து எல்லோரையும் தாண்டிப் போய் விழும். நான் அவரையே பார்த்தேன். மூன்றாம் நாள் எனக்கு விளங்கியது. அவர் செய்தது வலை வீச்சு.

வலை வீசுகிறவன் முதலில் பாரத்தைப் பின்காலில் இறக்குவான். அவசரமே இல்லாமல் உடம்பைப் பின்னால் திருப்புவான். வீசத் தொடங்கும்போது முதலில் அசைவது கை அல்ல. முன்காலின் குதி மண்ணில் அழுந்தும். முழங்கால் திரும்பும். இடுப்பு கடலைப் பார்த்துத் திரும்பிவிடும். கையும் வலையும் அப்போதும் பின்னால்தான் கிடக்கும். இடுப்பு தோளை இழுக்கும், தோள் கையை இழுக்கும், கை கடைசியில் வந்து சேரும். கை முந்தினால் வலை சுருண்டு போய் விழும். எவ்வளவு பிந்துகிறதோ அவ்வளவு அகலமாக விரியும். கோல்ப் மட்டைக்கும் இதுதான் கணக்கு. அதோடு மணிக்கட்டு மடிந்தபடியே கீழே வரவேண்டும். பந்துக்கு ஒரு சாண் இருக்கிறபோதுதான் அது அவிழவேண்டும். தலை அசையக்கூடாது. அடித்து முடிந்தபிறகு தொப்புள் பந்து போன திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். பலம் மண்ணிலிருந்து வருகிறது. கை அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற கயிறு மட்டும்தான்.

எனக்கு இது ஒரு கிழமையில் வந்துவிட்டது. வராதது ஒன்றுதான். முடிவில் கை விட்டுவிடும். வலை வீசிய கை அல்லவா, வீச்சின் உச்சியில் தானாகவே திறந்துகொண்டது. முதல் நாளே மட்டை மூன்றுமுறை பறந்தது. ஒருமுறை பெரியப்பாவின் படகில் பட்டுப் பலகை பிளந்தது.

“நீ பந்தை அடிக்கிறியா, மட்டையை எறியிறியா?” என்று கேட்டார் பெரியப்பா.

“கை தன்ர பாட்டில திறக்குது பெரியப்பா.”

“வாயைப் பார். வாய் திறக்குதா?”

ஓம், திறந்தது. அடிக்கிற நொடியில் என் வாய் திறந்துகொண்டதை அதற்குப் பிறகுதான் கவனித்தேன். அடுத்தமுறை பள்ளிக்கூடச் சட்டையின் கொலரைப் பல்லில் கடித்துக்கொண்டு அடித்தேன். கொலர் வாயில் இருந்தவரை கை திறக்கவில்லை. இன்னொரு நன்மையும் இருந்தது, தலை அசையவில்லை. பந்து ஓடைக்கு மேலால் போய் அக்கரையில் விழுந்தது.

ஓடை மைதானத்தின் நடுவால் ஓடிக் கடலில் கலக்கிறது. அக்கரையில் சுண்ணாம்பு அடித்த கல்வரிசை ஒன்று இருந்தது. வந்த ஐயாமாரில் அதைத் தாண்டி அடித்தவர்கள் சிலர்தான். நான் ஓடை வாயிலில் நின்று, அதே அளவு தூரத்துக்கு, ஒரு பின்னேரத்தில் பதினொரு பந்து அனுப்பினேன். அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் கொலர் சப்பிக் கிழிந்து கிடக்கிறது என்பதுதான். “நீ என்ன ஆட்டுக்குட்டியாடா?” என்று சட்டையால் முதுகில் அடித்தார்.

ஒருநாள் எங்கள் படகுக்குள் விழுந்த பந்தைக் கையால் எறியாமல் மட்டையால் திருப்பி அடித்தேன். அது வேலியைத் தாண்டி, விளையாடிக்கொண்டிருந்தவர்களின் தலைக்கு மேலால் போய், அவர்கள் அடிக்க நினைத்த கொடிக்குப் பக்கத்தில் விழுந்தது. மனேஜர் வேலியடிக்கு வந்தார். கொழும்புத் தமிழர், கறுப்புக் கண்ணாடி, நல்ல வாசம்.

“யாருப்பா இதை அடிச்சது?”

நான்தான் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. இன்னொரு பந்தைத் தந்தார். அடித்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பந்து போன இடத்தைப் பார்த்தார்.

அந்தக் கிழமைதான் ஊர் திரண்டு கேற்றடியில் போய் வழி கேட்டது. அது முதல் தடவையல்ல. எத்தனையோ முறை கேட்டிருந்தோம். மேலிடத்தில் கேட்கிறேன், கடிதம் போட்டிருக்கிறேன் என்று மனேஜர் சொல்லி அனுப்புவார். அன்றைக்கு மாமிதான் முன்னால் நின்றார். அப்பாவின் தங்கை, நாக்குக்குப் பயந்து பஸ் கொண்டக்டரும் மிச்சக் காசை உடனே கொடுக்கிற மனுசி.

“நாங்க உங்கட புல்லைத் தின்ன வரேல்ல ஐயா. நடக்கத்தான் கேக்கிறம். மாடு போற வழியால மனுசர் போக ஏலாதா?” என்றார் மாமி.

மனேஜர் சிரித்தார். கூட்டத்துக்குள் என்னைக் கண்டார். அவருக்கு ஒரு யோசனை வந்ததை அவருடைய முகத்திலேயே பார்த்தேன்.

“சரி. ஞாயித்துக்கிழமை எங்கட பெரிய கெஸ்ட் எல்லாம் வாறாங்க. இந்தப் பொடியன் அவங்களுக்கு முன்னால ஓடையைத் தாண்டி, அந்த வெள்ளைக் கல்லுக்கு அப்பால அடிக்கட்டும். அடிச்சா வழியைத் திறந்துவிடுறேன். போதுமா?”

ஊர் என்னைத் திரும்பிப் பார்த்தது. பிறகு ஒரே ஆரவாரம். எங்கள் கரையில் மீன் பங்கு பிரிப்பதும் படகு கைமாறுவதும் நாலுபேர் முன் சொல்கிற ஒரு சொல்லில்தான். நாற்பது குடும்பத்துக்கு முன்னால் ஒருவர் சொன்னதை மறுநாள் இல்லை என்பார் என்று யாரும் நினைக்கவில்லை.

பெரியப்பா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

“அவன் சின்னப் பொடியன். இது சரிவராது. வேண்டாம்,” என்றார்.

“அண்ண, நீங்க பேசாம இருங்க! அவன் நித்தமும் அடிக்கிறான், நான் கண்ணால கண்டனான்,” என்று மாமி கத்தினார்.

எனக்குப் பெரியப்பாமேல் அன்றைக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. என்னை நம்பாதவர் அவர் ஒருவர்தான் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நான் ராசா. மாமி அவித்த முட்டை தந்தார். எஞ்சின் சுமக்கிறவர்கள் மதகடியில் இறக்கிவைத்துவிட்டு, “கை எப்பிடி இருக்கு மோனே?” என்று விசாரித்தார்கள். அம்மா வெள்ளிக்கிழமை கொலரைப் பார்த்தார், ஊசி நூலை எடுத்து, கடித்துக் கிழிந்த இடத்தைத் தைத்து மொத்தமாக்கினார். கடிப்பதற்கு வசதியாகத்தான் தைத்தார் என்று எனக்குத் தெரிந்தது.

ஞாயிறு காலை பெரியப்பா ஒரு பை கொண்டுவந்தார். உள்ளே புது வெள்ளை ரீசேட், நெஞ்சில் பச்சை நிறத்தில் கொம்பனியின் அடையாளம். கழுத்து வட்டம். கொலர் இல்லை.

“இதைப் போட்டுக்கொண்டு வரட்டாம்.”

“எனக்கு என்ர சட்டை வேணும் பெரியப்பா.”

“பெரிய ஆக்கள் வாற இடம். அந்தக் கிழிஞ்சதோட போனா எங்களுக்குத்தான் மரியாதையில்ல. போடு மோனே.”

போட்டேன். புது உடுப்பு அதற்கு முன் எனக்குத் தீபாவளிக்குத்தான் கிடைத்திருந்தது. கண்ணாடியில் பார்த்துச் சந்தோசப்பட்டேன் என்பதையும் மறைக்கக்கூடாது.

அன்றைக்கு எங்கள் ஆட்களை வேலிக்குள் விட்டார்கள். ஒழுங்கை முடிவில் இருந்த கம்பியை அவிழ்த்து, பழைய வழியாலேயே உள்ளே போகச் சொன்னார்கள். வழியின்மேல் புல் வளர்ந்திருந்தது. ஆனாலும் எங்கள் கால்களுக்கு அது தெரிந்தது. எங்கே பள்ளம், எங்கே வேர் என்று யாரும் குனிந்து பார்க்கவில்லை. அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். மடங்காத காலை வீசி வீசி, இருநூறு எட்டும் நடந்து முடித்து, “எவ்வளவு கிட்ட,” என்றார்.

வெள்ளைக் கூடாரம் அடித்திருந்தார்கள். கேக், குளிர்ந்த தண்ணீர், கமரா. ஒரு சிறிய மர ஆணியில் பந்தை வைத்து, புதிதாக மினுங்கும் மட்டையைக் கையில் தந்தார்கள். மனேஜர் ஒலிவாங்கியில் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார், கெஸ்ட்மார் கைதட்டினார்கள். பிறகு தமிழில், “தம்பி, ஒரே ஒரு பந்து,” என்றார்.

பின்காலில் பாரத்தை இறக்கினேன். பழக்கத்தில் தலையைத் தோள்பக்கம் திருப்பிக் கொலரைத் தேடினேன். பல் வெறும் காற்றைக் கடித்தது. கழுத்துத் துணியை இழுத்துப் பார்த்தேன், வாய்வரை வரவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழுதட்டைக் கடித்துக்கொண்டு அடித்தேன். உதடு வெடித்தது. வலியில் தலை அசைந்தது. பந்து உயர எழும்பி, கல்வரிசைக்கு இரண்டு எட்டு முன்னால் தண்ணீரில் விழுந்தது.

எங்கள் பக்கத்திலிருந்து ஒரு மூச்சு ஒன்றாக இறங்கியது. கெஸ்ட்மாரில் ஒரு பெண் எழுந்து, பாவம், இன்னொன்று கொடுங்கள் என்பதுபோலக் கையைக் காட்டினார்.

“லேடீஸ் கேட்டா மறுக்க ஏலாது. இன்னொண்டு அடி தம்பி,” என்றார் மனேஜர்.

நான் பெரியப்பாவைத் தேடினேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டாவது வீச்சைப்பற்றி எழுதுகிறபோதும் என் இடுப்பு திரும்புகிறது. அப்படி ஒரு வீச்சு அதற்கு முன்னும் எனக்கு வாய்க்கவில்லை, பின்னும் இல்லை. குதி புல்லில் அழுந்தியது. முழங்கால், இடுப்பு, தோள், ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றும் முந்தவில்லை. கை எங்கேயோ பின்னால் கிடந்தது. மணிக்கட்டு கடைசிவரை அவிழவில்லை. மட்டை காற்றைக் கிழித்துக்கொண்டு வந்த சத்தம் எனக்கே கேட்டது. அம்மாவின் காலையும் எஞ்சின்களையும் இரண்டு மைலையும் அந்த அடியில் வைத்தேன். அவ்வளவு ஆவேசம். அது என் தொண்டையால் “ஆ!” என்று வெளியே வந்தது. வாய் திறந்தது.

கையும் திறந்தது.

மட்டை என்னை விட்டுப் பறந்தது. வெயிலில் மினுங்கி, வட்டமாகச் சுழன்று, விரித்த வலையைப்போல அழகாகப் போய் ஓடையின் நடுவில் இறங்கியது. பந்து ஆணியில் அப்படியே இருந்தது.

முதலில் சிரித்தது கெஸ்ட்மார் இல்லை. எங்கள் ஆட்கள்தான்.

“வலையெல்லோ வீசிட்டான்!” என்று ஒரு இளந்தாரி கத்தினான்.

“மீன் பட்டுதாடா?” என்றான் இன்னொருவன்.

அதற்கு மனேஜர் மொழிபெயர்ப்புச் சொன்னார். பிறகு கூடாரம் முழுவதும் சிரித்தது. எங்கள் ஆட்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். என்ன இழந்தோம் என்று அப்போதுதான் அவர்களுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். மனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரி, சரி, நல்ல ஷோ. எல்லாரும் கேக் சாப்பிட்டுட்டு மெயின் கேற்றால போங்க,” என்றார். ஒழுங்கைப் பக்கத்துக் கம்பியை அதற்குள் கட்டிவிட்டார்கள்.

மாமி என் முன்னால் வந்து நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது.

“எங்கட வழியை உன்ர கையாலயே எறிஞ்சிட்டியேடா,” என்றார்.

அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு மெயின் கேற்றுப் பக்கம் திரும்புவதைக் கண்டேன். அங்கிருந்து வீட்டுக்கு இரண்டு மைல். நான் அந்தக் காலைப் பார்க்க விரும்பவில்லை. வேலியில் எனக்குத் தெரிந்த ஓட்டை இருந்தது. நடக்கத் தொடங்கினேன்.

இப்போது ஒரு விஷயத்தை இடையில் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் மிச்சம் விளங்காது.

பல வருடங்களுக்குப் பிறகு வளைகுடாவில் ஒரு ஹோட்டலின் கோல்ப் மைதானத்துக்குப் புல் பதிக்கிற வேலையில் இருந்தேன். அங்கே ஒரு பயிற்சியாளர் சின்னப் பிள்ளைகளுக்குப் படம் கீறிச் சொல்லிக்கொண்டிருந்தார். பலம் நிலத்திலிருந்து வருகிறது, இடுப்பு முதலில், கை கடைசியில். நான் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டேன். எல்லாம் சரி. பல்லைப்பற்றி மட்டும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் அறையில் சோறு தின்கிறபோது கோல்பைப்பற்றிப் பேச்சு வந்தது, ஒருவர் ஒரு கதையை எடுத்தார். கண்டிக்காரர், புதிதாக வந்தவர், முன்பு பல இடங்களில் குசினி வேலை செய்தவர். “நான் முந்தித் திருகோணமலையில ஒரு கோல்ப் கிறவுண்ட்ல இருந்தேன். அங்க ஒரு மீன்காரப் பொடியன் பந்தை விட்டுட்டு மட்டையை எறிஞ்சானே!” என்று தொடங்கினார். எழுந்து நடித்தும் காட்டினார். மற்ற எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

“அதில என்ன பகிடி தெரியுமா?” என்றார் அவர். “பாதை வேணாம்னு அந்த ஊர்ச் சங்கத்துத் தலைவர் மூணு கிழமைக்கு முந்தியே ஒப்பீஸ்ல வந்து கையெழுத்து வச்சிட்டுப் போயிட்டார். நான்தான் டீ கொண்டுபோய்க் குடுத்தேன். அதுக்குப் பதிலா அவரோட மகனுக்கு ஸ்டோர்ல வேலை. மனேஜருக்குத் தெரியும், கெழவருக்குத் தெரியும். பாவம், பொடியனுக்கு மட்டும்தான் தெரியாது.”

“கெழவர் எப்பிடி இருந்தார்?” என்று கேட்டேன்.

“உயரமா. முன்னுக்கு ஒரு பல்லு இல்ல.”

நான் சோற்றைத் தின்று முடித்தேன். தட்டைக் கழுவினேன். மறுநாள் அந்த வேலையை விட்டு நடந்தேன். பெரியப்பாவின் மகன், என் அண்ணன், அந்தச் சித்திரையில் பச்சை அடையாளம் போட்ட சட்டையோடு வேலைக்குப் போகத் தொடங்கியதை ஊரில் எல்லோரும் கண்டிருந்தோம். கெட்டிக்காரன் என்று வாழ்த்தியும் இருந்தோம்.

கையெழுத்து உறுதி. ரீசேட்டைப்பற்றி எனக்குத் தெரியாது. அது மனேஜர் கொடுத்தனுப்பிய ஒரு சாதாரண ரீசேட்டாக இருந்திருக்கலாம். வாயைப் பார் என்று எனக்குச் சொன்னவர் அவர். வாய்க்கும் கைக்கும் உள்ள தொடுப்பைத் தன் பல்லைக் கொடுத்து அறிந்தவரும் அவர். அந்தக் காலையில் அது அவருக்கு நினைவு வராமல் போயிருக்குமா என்று பாதி உலகம் சுற்றியும் எனக்கு விளங்கவில்லை. கேட்கப் போனபோது அவர் செத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அதற்கும் எனக்குக் கோபம்தான்.

றோட்டில் நடந்துகொண்டிருந்த என்னிடம் திரும்பி வருகிறேன். மதகைத் தாண்டி ஒரு மைல் போயிருப்பேன். பின்னால் சைக்கிள் மணி கேட்டது. பெரியப்பா.

“ஏறு மோனே,” என்றார்.

சைக்கிள் பாரில் ஏறிக்கொண்டேன். அவர் என்னை ஏசவில்லை. கொஞ்ச நேரம் மிதித்தார். அவருடைய மூச்சு என் பிடரியில் பட்டது. ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தி, பணிஸும் பிளேன்ரியும் வாங்கித் தந்தார். உதட்டில் சூடு பட்டதும் நான் அழுதேன். அவர் தன் சால்வையால் என் வாயைத் துடைத்தார்.

“ஆர் என்ன சொன்னாலும் மனசில வைக்காத. நீ சின்னப் பிள்ளை. உன்னில ஒரு பிழையும் இல்ல,” என்றார். பிறகு, “கொஞ்ச நாளைக்கு கரைப்பக்கம் வராத. சனம் ஆறட்டும். எனக்குத் தெரிஞ்ச முதலாளி ஒராள் இருக்கார், ஐஸ் வேலை. அம்மாட்ட நான் சொல்லுறன்,” என்றார்.

“பள்ளிக்கூடம்?”

“பிறகு பாப்பம்.”

ஓம் என்றேன். அன்று அந்த ஊரில் என்னிடம் அன்பாகக் கதைத்தவர் அவர் ஒருவர்தான்.

அன்றிரவே என்னை ஐஸ் வாடியில், மீனுக்கு ஐஸ் உடைக்கிற கொட்டிலில், விட்டுவிட்டுப் போனார், மறுநாள் காலை வேலைக்கு நின்றேன். குளிர் அறையிலிருந்து ஆளுயரக் கட்டிகளை இழுத்துப் போடுவார்கள், மரச் சுத்தியலால் நொறுக்கி மீன் பெட்டிகளுக்குள் கொட்டவேண்டும். இரண்டு பெரிய ஆம்பிளைகள் ஏற்கனவே அடித்துக்கொண்டிருந்தார்கள். கையால் அடித்தார்கள். முதலாளி கிண்ணியாக்காரர், வெள்ளைத் தொப்பி, வயிற்றைத் தடவிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இந்தப் புள்ளைக்கா சுத்தியல் தூக்க ஏலும்?” என்றார்.

அப்போது பெரியப்பா சைக்கிளில் திரும்ப வந்து இறங்கினார். அம்மா தந்துவிட்ட பையை நீட்டினார். உள்ளே ஒரு காற்சட்டை, ஒரு துவாய், என் பள்ளிக்கூடச் சட்டை. கொலர் மொத்தமாகத் தைத்தபடியே இருந்தது. இரத்தம் காய்ந்த ரீசேட்டைக் கழற்றிவிட்டு அதைப் போட்டுக்கொண்டேன்.

சுத்தியலைத் தூக்கினேன். பாரம் பின்காலுக்குப் போனது. கொலரைக் கடித்தேன். குதி, முழங்கால், இடுப்பு. கட்டி ஒரே அடியில் நடுவால் பிளந்து இரண்டு பக்கமும் விழுந்தது. அடித்துக்கொண்டிருந்த இருவரும் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“அடே! யாருகிட்டடா பழகின?” என்றார் முதலாளி.

பெரியப்பா வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. எனக்காகத்தான் கலங்குகிறார் என்று நினைத்தேன். எங்கள் கரை முழுவதிலும் என்மேல் கோபமில்லாத ஒரே மனிதர் இவர், பெரியவனானதும் இவருக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று நினைத்தேன். அதைச் சொல்ல வாயைத் திறக்க முடியவில்லை. வாயில் கொலர் இருந்தது. அடுத்த கட்டியை அடித்தேன்.